சொட்டுச் சொட்டாய் ஓர் அணு உலை

தாம்பரத்தில் பஸ் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போய், திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே திரும்பினால் கல்பாக்கம். சுமார் 60 கிலோமீட்டர். ஊரின் ஒரு பக்கம் முழுக்கக் கடல். இருந்தும் 1981-ல் அங்கே ஒரு விசித்திரமான தண்ணீர்ப் பஞ்சம்.

குடிக்கிற தண்ணீர் அல்ல. அணு உலைக்கு ஊற்றுகிற தண்ணீர்.

1971-ல் கட்ட ஆரம்பித்த சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை, பத்து வருஷம் இழுத்து, ஒருவழியாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. இதைக் கொடு, அதைக் கொடு என்று வெளிநாட்டுக்காரர்களிடம் கையேந்தாமல் நம் ஆட்களே நின்று கட்டிய உலை. எல்லாம் தயார். உள்ளே நிரப்ப வேண்டிய கனநீர் மட்டும் போதவில்லை. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாச்சு, தாலி இன்னும் ஆசாரி வீட்டிலேயே இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

கனநீர் என்பது வேறு ஏதோ திரவம் அல்ல. அதுவும் தண்ணீர்தான். பார்க்க அப்படியே இருக்கும். எடை மட்டும் பத்து சதவிகிதத்துக்குச் சற்று மேல் கூடுதல். காரணம், அதில் இருக்கும் ஹைட்ரஜன் சாதா ஹைட்ரஜன் அல்ல. டியூட்டீரியம் என்கிற அதன் குண்டு அண்ணன். உலகத்தில் எந்தத் தண்ணீரை எடுத்தாலும் சுமார் 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று இந்த அண்ணனாக இருக்கும். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் அபார்ட்மென்ட் வாசலில் வந்து நிற்குமே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதற்குள்ளும் இருக்கிறது. பிரித்து எடுக்க முடிந்தால் லாரிக்கு 2 கிலோ.

கல்பாக்கம் உலை ஒன்றுக்குத் தேவை 200 டன்னுக்கு மேல். அதாவது, ஒரு சொட்டுகூட விடாமல் பிரித்தாலும் ஒரு லட்சம் லாரி!

இயற்கையாகக் கிடைக்கிற யுரேனியத்தை அப்படியே போட்டு எரிக்கும் உலை இது. அதற்கு நியூட்ரான்களின் வேகத்தை மட்டுப்படுத்த ஒரு ஆள் வேண்டும். மட்டுப்படுத்துகிற சாக்கில் நியூட்ரானை முழுங்கிவிடவும் கூடாது. சாதாத் தண்ணீர் முழுங்கும். கனநீர் முழுங்காது. இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

சரி, எப்படிப் பிரிப்பது?

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி என்றால் காத தூரம் ஓடியவன். ஆனால் இந்தக் கதையைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. இது கெமிஸ்ட்ரியே இல்லை. சுத்தமான வரவு செலவுக் கணக்கு.

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மின்னாற்பகுப்பு. அதில் ஒரு பாரபட்சம் உண்டு. லேசான ஹைட்ரஜன் சட்டென்று வாயுவாகிக் கிளம்பிவிடும். குண்டு அண்ணன் சோம்பேறி. சுலபத்தில் எழுந்திருக்க மாட்டார். ஆகவே, பகுக்கப் பகுக்கத் தொட்டியில் மிஞ்சும் தண்ணீரில் டியூட்டீரியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். 1931-ல் ஹெரால்ட் யூரே டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே எட்வர்ட் வாஷ்பர்ன் என்பவர், வெகுநாளாக ஓடிக்கொண்டிருக்கும் மின்பகுப்புத் தொட்டிகளின் அடித்தண்ணீரில் அது சேர்ந்திருப்பதைக் காட்டினார். 1933-ல் கலிஃபோர்னியாவில் கில்பர்ட் லூயிஸ் ஏறக்குறைய சுத்தமான கனநீரையே எடுத்துவிட்டார். யூரேவுக்கு 1934-ல் நோபல். எல்லாம் மூன்றே வருஷம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இங்கேதான் ஈரம் வருகிறது.

மின்பகுப்புத் தொட்டி சும்மா இருக்காது. சூடாகும். 80 டிகிரி வரைக்கும்கூடப் போகும். சூடான தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும் வாயு வெறுங்கையோடு கிளம்புமா? ம்ஹூம். நீராவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பும். எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். 80 டிகிரியில் சாதாத் தண்ணீருக்கு மேலே நிற்கும் ஈரமான ஹைட்ரஜன் ஒரு கனமீட்டர் எடுத்தால், அதில் ஹைட்ரஜன் 37 கிராம். தண்ணீர்? 290 கிராம்! தொட்டியில் மின்சாரம் சுலபமாகப் பாய காஸ்டிக் பொட்டாஷ் கலந்திருப்பார்கள் என்பதால் ஆவி கொஞ்சம் மட்டுப்படும். என்னதான் மட்டுப்பட்டாலும் எடைக் கணக்கில் ஹைட்ரஜனைப்போல் மூன்று, நான்கு மடங்கு தண்ணீர். ஹைட்ரஜன் தயாரிக்கிறேன் பேர்வழி என்று குழாயில் அனுப்புவது பெரும்பாலும் தண்ணீரைத்தான்.

சாதாரண தொழிற்சாலைக்கு இந்த ஈரம் ஒரு தொல்லை. குழாயைத் துருப்பிடிக்க வைக்கும், வால்வை அடைக்கும். தொலைத்துத் தலைமுழுக வேண்டிய சனியன். கனநீர் எடுக்கிறவனுக்கோ கதையே வேறு. வாயுவாகப் போகிற ஹைட்ரஜனில் டியூட்டீரியம் கம்மி. ஆனால் கூடவே ஒட்டிக்கொண்டு போகிற ஆவி, தொட்டித் தண்ணீரின் பிள்ளை. தொட்டியில் எவ்வளவு டியூட்டீரியம் சேர்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் அந்த ஆவியிலும் இருக்கும். அதைக் காற்றில் விட்டால், மாதக்கணக்கில் மின்சாரம் கொட்டிச் சேர்த்த சொத்தைப் புகைபோக்கி வழியாக ஊருக்குத் தானம் செய்ததாக அர்த்தம்.

நார்வேக்காரர்கள் இதை முதலில் பிடித்துக்கொண்டார்கள். ருயூகான் என்கிற மலையூருக்குப் பக்கத்தில் வெமோர்க். அங்கே நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி, அருவி மின்சாரத்தில் தண்ணீரைப் பகுத்து உரம் செய்துகொண்டிருந்தது. 1934-ல் அதே ஆலையில் கனநீரும் எடுக்க ஆரம்பித்தார்கள். லைஃப் டிரான்ஸ்டாட், யோமார் ப்ரூன் என்று இரண்டு பேர் போட்ட திட்டம். வரிசையாகத் தொட்டிகள். முதல் வரிசையிலிருந்து வாயுவோடு கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடி. அந்தச் சொட்டுகளை அடுத்த வரிசைக்கு ஊற்று. அங்கே கிளம்பும் ஆவியைப் பிடித்து அதற்கடுத்த வரிசைக்கு. இதில் இன்னொரு லாபம், ஆவியில் காஸ்டிக் இருக்காது. சுத்தத் தண்ணீர். ஆக, கழிவென்று மற்றவர்கள் நினைத்த ஈரம்தான் அங்கே ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் சரக்கு!

அந்தச் சரக்குக்காகத்தான் பிறகு ஒரு யுத்தமே நடந்தது. நார்வேயை ஹிட்லரின் படை பிடித்ததும் ஆலையும் அவர்கள் கைக்குப் போனது. ஜெர்மனி அணுகுண்டு செய்துவிடும் என்கிற பயத்தில், 1943 பிப்ரவரி இறுதியில் ஓர் இரவு, பனிச்சறுக்கில் வந்த நார்வே இளைஞர்கள் உள்ளே புகுந்து கனநீர்த் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த வருஷம், மிச்சமிருந்த சரக்கை ஜெர்மனிக்கு ஏற்றிப்போன படகை ஏரிக்குள் மூழ்கடித்தார்கள். படகில் இருந்த சொந்த ஊர் ஜனங்களும் சேர்ந்து செத்தார்கள். இதை வைத்து ஹாலிவுட்டில் படம்கூட எடுத்துவிட்டார்கள். நாம் நம் கதைக்கு வருவோம்.

இந்தியாவின் வெமோர்க், பஞ்சாபில் இருக்கிறது. நங்கல்.

பக்ரா அணை கட்டும்போதே, அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வைத்து என்ன செய்வது என்று யோசித்து, உரத் தொழிற்சாலை என்று முடிவு செய்தார்கள். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். தண்ணீரைப் பகுத்து ஹைட்ரஜன், அதிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து உரம். இத்தாலியின் டி நோரா கம்பெனியின் மின்பகுப்புத் தொட்டிகள். மணிக்குச் சுமார் 30,000 கனமீட்டர் ஹைட்ரஜன். அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய ஆலைகளில் ஒன்று. இன்று பச்சை ஹைட்ரஜன், பச்சை ஹைட்ரஜன் என்று பேப்பரில் அடிபடுகிறதே, அதை நாம் 1961-லேயே செய்தோம். பெயர்தான் வைக்கவில்லை.

ஹோமி பாபா விடுவாரா? உரத்துக்குப் போகிற வழியில் டியூட்டீரியத்தை உருவிக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டது அணுசக்தித் துறை. 1962-ல் நங்கலில் கனநீர் ஆலை ஓட ஆரம்பித்தது. ஜெர்மனியின் லிண்டே கம்பெனி தொழில்நுட்பம். வருஷத்துக்கு 14 டன் திறன்.

இங்கே ஈரம் இரண்டு வேஷம் போட்டது. தொட்டிகள் பக்கம் அது சொத்து. ஆனால் அதைத் தாண்டி லிண்டேயின் பகுதிக்குள் ஒரு துளி நுழைந்தாலும் வில்லன். ஏனென்றால் அங்கே ஹைட்ரஜனையே திரவமாக்கி வடித்து டியூட்டீரியத்தைப் பிரித்தார்கள். ஹைட்ரஜன் திரவமாவது மைனஸ் 253 டிகிரியில். அந்தக் குளிரில் தண்ணீர் என்ன ஆகும்? கல். மெல்லிய குழாய்களுக்குள் பனிக்கட்டி படிந்து அடைத்தால் மொத்த ஆலையும் நிற்கும். ஆக்சிஜன் துளியூண்டு தப்பி வந்தால் அதுவும் உறைந்து கட்டியாகும். திரவ ஹைட்ரஜனுக்குள் திட ஆக்சிஜன் என்பது குழாய் அடைப்பல்ல, வெடிகுண்டு.

எனவே காயவைத்தார்கள். வற்றல் வடாம் காயவைக்கிற பொறுமையோடு.

முதலில் வெறும் குளிர்ச்சி. 80 டிகிரியில் கிளம்பிய வாயுவை 30 டிகிரிக்கு இறக்கினாலே பத்தில் ஒன்பது பங்கு ஈரம் தண்ணீராகக் கொட்டிவிடும். மலிவான வேலை. அடுத்து அழுத்தம். வாயுவைப் பத்து மடங்கு இறுக்கிக் குளிரவைத்தால், மிச்சமிருக்கும் ஈரத்திலும் பெரும்பகுதியைக் கக்கிவிடும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் பிரச்னை. பலேடியம் போன்ற ஓர் உலோகத்தின் மேல் ஓடவிட்டால், கலந்திருக்கும் ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஒழியும். என்னவாக ஒழியும் என்கிறீர்கள்? தண்ணீராக! பேயை ஓட்டப்போய் பிசாசைக் கூட்டிவந்த கதை. ஆகவே இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கடைசிக் காயவைப்பு. அதில் வரிசை மாறினால் மொத்தமும் வீண்.

கடைசிக் காயவைப்பு என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். புது ஷூ டப்பாவைத் திறந்தால் ஒரு குட்டிப் பொட்டலம் விழுமே, சிலிக்கா ஜெல், அந்த ஜாதி. மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசியைப் போட்டுவைத்த பாட்டிமார்களுக்கு அந்தத் தத்துவம் தெரிந்திருந்தது. தொழிற்சாலையில் பொட்டலத்துக்குப் பதில் ஆளுயரக் கோபுரம். சிலிக்கா ஜெல், அலுமினா, 1950-களில் வந்த மூலக்கூறு சல்லடை என்று நுண்துளைக் குருணைகள். கோபுரம் எப்போதும் ஜோடியாகத்தான் நிற்கும். ஒன்று ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, வயிறு நிரம்பிய இன்னொன்றைச் சூடாக்கிக் குடித்ததைக் கக்கவைப்பார்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதுபோல.

இன்றைய ஹைட்ரஜன் கார்களுக்கும் இதே தலைவலி உண்டு. வண்டியில் ஊற்றுகிற ஹைட்ரஜனில் பத்து லட்சத்துக்கு 5 பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை அறிவித்தது. 2024-ல் ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைப்பதாக ஹுண்டாய் சொன்னது. விளம்பரங்களில் தொட்டியைக் காட்டுவார்கள், காரைக் காட்டுவார்கள். நடுவில் நிற்கும் இந்த ஜோடிக் கோபுரத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அது ஒரு மனத்தாங்கல்.

நங்கலுக்குத் திரும்புவோம். வருஷம் 14 டன். கல்பாக்கம் போல ஓர் உலைக்கு 200 டன்னுக்கு மேல். வகுத்துப் பாருங்கள். ஒரே உலையை நிரப்ப 14 வருஷத்துக்கும் அதிகம். அதுவும் ஆலை முழுத் திறனில் ஓடினால். பக்ராவில் தண்ணீர் குறைந்தால் மின்சாரம் குறையும். விவசாயியின் பம்ப்செட்டா, உர ஆலையா என்று வந்தால் ஆலைக்குத்தான் வெட்டு. ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனுக்குச் சுமார் 5 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு ஒன்றரை லட்சம் யூனிட். ஓர் உலை தரக்கூடிய மின்சாரத்தில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடும். 1970-களின் இறுதியில் நங்கல் உர ஆலை எண்ணெய்க்கு மாறியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த 14 டன் சும்மா கிடக்கவில்லை. டிராம்பேயின் சைரஸ் உலைக்கு முதலில் கனநீர் கொடுத்தது அமெரிக்கா. சமாதானக் காரியங்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. 1974 மே 18, பொக்ரான். குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியம் சைரஸிலிருந்து வந்தது. அப்போது உலைக்குள் இருந்தது எங்கள் கனநீரா, உங்கள் நங்கல் கனநீரா என்று 1976-ல் வாஷிங்டனில் பெரிய சர்ச்சையே எழுந்தது. தண்ணீரில் யார் பெயரும் எழுதியிருக்காதே!

பொக்ரானுக்குப் பிறகு கனடா கையை உதறியது. கனநீர் வேண்டுமென்றால் இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பரோடாவில் ஓர் ஆலை வந்தது. வந்த வேகத்தில் 1977 டிசம்பரில் விபத்து. அதற்கடுத்த வருஷம் தமிழ்நாட்டில், தூத்துக்குடியில். ஸ்பிக் உர ஆலையின் மடியில் உட்கார்ந்த ஆலை அது. பிரெஞ்சுத் தொழில்நுட்பம்.

இங்கே மின்பகுப்பு கிடையாது. ஸ்பிக்கின் வாயுவை அம்மோனியாவோடு உரசவிட்டு டியூட்டீரியத்தைக் கைமாற்றும் முறை. கைமாற்றும் தரகர், பொட்டாசியம் அமைடு என்கிற சரக்கு. தரகருக்கு ஆகாத ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் அது தண்ணீர். துளி ஈரம் பட்டாலும் தரகர் செத்துக் கெட்டியாகிக் குழாயை அடைப்பார். தூத்துக்குடியின் கடற்காற்றை நினைத்துப் பாருங்கள். உப்பளத்து ஊரில், கடலோரத்தில், ஈரம் என்ற பேச்சே கூடாது என்று ஓர் ஆலை! உள்ளே வரும் வாயுவைச் சலித்துச் சலித்துக் காயவைத்துத்தான் விடவேண்டியிருந்தது.

இந்தப் பாட்டையெல்லாம் பட்டு முடித்தபோதுதான் கல்பாக்கத்தின் தாகம் தீர்ந்தது. 1983 ஜூலை 2, முதல் உலை உயிர்பெற்றது. அந்த மாதமே பிரதமர் இந்திரா காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். சென்னை மின்சாரத்துக்குத் தவியாய்த் தவித்த காலம். 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் பார்த்த தடம் இது. வயல்கள் மனைகளாகி, சேலையூரும் பெருங்களத்தூரும் வீங்கிக்கொண்டிருந்த நேரம். கல்பாக்கம் வந்துட்டா கரண்ட் கட்டே இருக்காது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை, நம்பிக்கையோடு பேசிக்கொண்டதை, என் வயசுக்காரர்கள் கேட்டு வளர்ந்திருப்பார்கள். கட் போனதா என்பது வேறு கட்டுரை.

ஆனால் கனநீர் எங்கிருந்து வந்தது?

நம் ஆலைகளிலிருந்துதான் என்றது இந்திய அரசு. 1986-ல் ஃபாரின் பாலிசி இதழில் கேரி மில்ஹாலின் என்கிற அமெரிக்கர் கணக்கைத் திருப்பிப் போட்டார். இந்த ஆலை இவ்வளவு, அந்த ஆலை இவ்வளவு, விபத்தில் நின்ற காலம் இவ்வளவு, கூட்டிப் பார்த்தால் கல்பாக்கத்துக்குப் போதாதே, ரகசியமாக வெளியே வாங்கியிருக்க வேண்டும் என்றார். இந்தியா மறுத்தது. உண்மை எந்தப் பக்கம் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளட்டும். எனக்குப் பட்டது வேறு. ஒரு தேசத்தின் ரகசியத்தைத் துருவ அவர் உளவாளி யாரையும் அனுப்பவில்லை. வருஷத்துக்கு எத்தனை டன் என்று கூட்டிக் கழித்தார். ஆடிட்டர் வேலை.

உலை ஓட ஆரம்பித்ததும் ஈரம் போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. மறுபடி முதலிலிருந்து.

உலையின் வால்வுகளிலும் மூட்டுகளிலும் கனநீர் துளித்துளியாகக் கசியும். சூட்டில் ஆவியாகிக் கட்டடத்தின் காற்றில் கலக்கும். ஒரு லட்சம் லாரிக் கணக்கு ஞாபகமிருக்கட்டும். அதை வெளியே விட முடியாது. தவிர, உலைக்குள் போய்வந்த கனநீரில் ட்ரிட்டியம் என்கிற கதிரியக்கச் சமாசாரமும் சேர்ந்திருக்கும். மூச்சில் போனால் ஆபத்து. 1999 மார்ச் 26 அன்று கல்பாக்கத்தின் இரண்டாவது உலையில் பராமரிப்பு வேலையின்போது டன் கணக்கில் கனநீர் கொட்டியது. அடைக்கப்போன ஊழியர்கள் 7 பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். கொட்டியது எவ்வளவு என்பதில் அரசு சொன்ன கணக்குக்கும் வெளியே பேசப்பட்ட கணக்குக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே உலைக் கட்டடத்தின் காற்றையே உறிஞ்சிக் காயவைக்கிறார்கள். அதே ஜோடிக் கோபுரம். அதே நுண்துளைக் குருணை. ஒன்று குடிக்க, மற்றது கக்க. கக்கியதைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறார்கள். அதில் கனநீர் மட்டுமா இருக்கும்? கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே வந்த வங்காள விரிகுடாவின் ஈரமும் சேர்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை என்றால் இன்னும் அதிகம். அந்தச் சாதாத் தண்ணீரை மறுபடி வடித்துப் பிரித்து வெளியே தள்ளிவிட்டு, கனநீரைத் திரும்ப உலைக்கே அனுப்புகிறார்கள்.